கடைசி மணித்தியாலத்தில் கேட்கும் மன்னிப்பு

யாழ்ப்பாணத்துச் செத்தவீடுகளில் பந்தலுக்கு வெளியே கதிரை போட்டு இருப்பவர்கள் பேசாத விஷயம் இல்லை. காணி விலையில் தொடங்கிக் கனடா விசா வரைக்கும் போகும். கொஞ்சக் காலத்துக்கு முன் நான் போன ஒரு செத்தவீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இறந்தவர் கத்தோலிக்கர். ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் தவிர அவர் கோயில் வாசல் மிதித்ததாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. குடி உண்டு. கைமாற்றாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்காத பழக்கமும் உண்டு. கடைசி நாட்களில் சுவாமியார் வந்து பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டார், எண்ணெய் பூசினார், நற்கருணை அப்பம் கொடுத்தார். மூன்றாம் நாள் விடியப்புறம் ஆள் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த சைவக்காரர் ஒருவர் குத்தலாக இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார்: "அப்ப கடைசி நேரத்தில மன்னிப்புக் கேட்டாப் போதுமோ? முழுச் சீவியமும் கோயிலுக்குப் போன ஆக்களுக்கு என்ன மிச்சம்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கத்தோலிக்கம், சீர்திருத்தச் சபைகள், பெந்தெகொஸ்தே என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் அவருடைய முதல் கேள்விக்கு "ஓம், போதும்" என்றுதான் பதில் வரும். ஆனால் "கேட்டால்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் சபைகளும் அடிபடுகின்றன, சாகக் கிடப்பவரின் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களும் தடுமாறுகிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், கல்வாரியில் இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் வந்து நிற்கும். லூக்கா 23ஆம் அதிகாரத்தில் அவனுக்கு ஐந்தே வசனங்கள், 39 முதல் 43 வரை. இயேசுவுக்கு இரு பக்கமும் இரண்டு குற்றவாளிகள். ஒருவன், நீ கிறிஸ்துவானால் உன்னையும் எங்களையும் காப்பாற்று என்று இகழ்கிறான். மற்றவன் அவனைக் கடிந்துகொள்கிறான்: "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்." அப்புறம் இயேசுவிடம் திரும்பி, "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்கிறான். மத்தேயுவும் மாற்குவும் எழுதியதைப் பார்த்தால் இரண்டு கள்ளருமே இயேசுவை நிந்தித்திருக்கிறார்கள். அதனால் பழைய விளக்கவுரைகாரர் சிலர், இவனும் முதலில் இகழ்ந்துவிட்டுப் பிறகுதான் மாறினான் என்று இரண்டையும் பொருத்திச் சொல்வார்கள். அப்படியானால் அவனுடைய மனமாற்றம் முழுவதும் சிலுவையில் தொங்கிய அந்தச் சில மணித்தியாலத்துக்குள் நடந்தது.

அவனிடம் இல்லாதவை எத்தனை என்று பாருங்கள். ஞானஸ்நானம் இல்லை, நற்கருணை இல்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை, கை இரண்டும் சிலுவையில். இனித் திருந்தி வாழ்ந்து காட்ட நாளும் இல்லை. இருந்தது இவ்வளவுதான்: தான் செய்தது பிழை என்று சாட்டுச் சொல்லாமல் ஒப்புக்கொண்டான், பக்கத்தில் தொங்குபவரிடம் குற்றம் இல்லை என்று கண்டான், அவரிடம் தன்னை ஒப்படைத்தான். இறக்கிவிடச் சொல்லிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவன் மற்றவன். இவன் கேட்டது நினைத்துக்கொள்ளும்படி மட்டும். மனந்திரும்புதலுக்கும், மாட்டிக்கொண்டவனின் பதற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றும்.

என்னோடு பரதீசில் இருப்பாய் என்பதுதான் இயேசு அவனுக்குக் கொடுத்த பதில். அதில் ஒரு பழைய வழக்கு உண்டு. மூல கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தற்குறிகள் கிடையாது. "இன்றைக்கு" என்ற சொல்லை "சொல்லுகிறேன்" என்பதோடு சேர்ப்பதா, "பரதீசிலிருப்பாய்" என்பதோடு சேர்ப்பதா? இறந்தவர்கள் உயிர்த்தெழும் நாள் வரை உறங்குகிறார்கள் என்று போதிக்கும் யெகோவாவின் சாட்சிகளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரும் முதலாவது வாசிப்பை எடுப்பார்கள். மற்றச் சபைகள் பெரும்பாலும் இரண்டாவதை. நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தை வாசிப்பவருக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியவராது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று, மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்று "என்று" வந்து நடுவில் நின்றுவிடுகிறது. தமிழ் இலக்கணமே ஒரு பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டது.

சரி, கள்ளனுக்கே கிடைத்தது என்றால் நானும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமே? இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் நாங்கள் அல்ல. நான்காம் நூற்றாண்டில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. ஞானஸ்நானம் முன் செய்த பாவமெல்லாவற்றையும் கழுவும், பிறகு செய்யும் பெரிய பாவத்துக்கோ கடுமையான, நீண்ட தவமுயற்சி. ஆகவே கழுவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது புத்தி என்று பலர் நினைத்தார்கள். கிறிஸ்தவத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீனே 337இல், மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றான். யோர்தான் ஆற்றில் பெற எண்ணியிருந்ததாகச் சொன்னானாம். பின்னாளில் பெரிய ஆயராகிய அகுஸ்தீன் சிறுவனாக வயிற்று வலி கண்டு சாகக் கிடந்தபோது தாய் அவசரமாக ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்தார், பிள்ளை சுகமானதும் அது தள்ளிவைக்கப்பட்டது. "விடுங்கள், விருப்பப்படி நடக்கட்டும், இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லையே" என்று அந்தக் காலத்தில் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள் என்று அவரே பிற்காலத்தில் மனம் நொந்து எழுதுகிறார். உடம்பு விஷயத்தில், இன்னும் சுகமாகவில்லைத்தானே, காயம் பட்டால் படட்டும் என்று யாராவது சொல்வார்களா என்பது அவருடைய கேள்வி.

இப்படிக் கட்டிலில் கிடந்து ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது: கிளினிக்கர். கட்டிலுக்குக் கிரேக்கத்தில் கிளீனே. சீனிவருத்தத்துக்கு மாதா மாதம் நாங்கள் போகும் கிளினிக்குக்கும் வேர் அதுதான். இவர்கள் எழும்பி நடமாடத் தொடங்கினால் குருவாக அபிஷேகம் பெற முடியாது என்று ஒரு பழைய சங்கம், அதாவது ஆயர்களின் கூட்டம், விதித்தது. பயத்தில் வந்த விசுவாசமோ என்ற சந்தேகம்தான் அதற்குக் காரணம். ஆனால் அதே திருச்சபை சாகக் கிடப்பவனைப் பொதுவாக வெளியே நிறுத்தவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் 13ஆவது விதி, மரணத் தறுவாயில் இருக்கும் எவருக்கும் கடைசி நற்கருணையை மறுக்கக்கூடாது என்கிறது. சாகிறவர்களுக்குப் பாவமன்னிப்பை மறுத்த ஆயர்களை 428இல் பாப்பரசர் முதலாம் செலஸ்தீன் கண்டித்து எழுதினார். கடைசி நேரத்து மனமாற்றத்தில் சந்தேகம் இருந்தது உண்மை. அந்தச் சந்தேகத்தைச் சாட்டிக் கதவை மூட மட்டும் விடவில்லை.

கள்ளன் தவணை கேட்டவன் அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். அவன் இயேசுவை முன்பே அறிந்து, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதாக எங்கேயும் எழுதியில்லை. நற்செய்தியில் அவன் முதல் முதல் அவரைச் சந்திப்பதே சிலுவையில். அவன் பெயரைச் சொல்லித் தவணை எடுப்பவர்கள் அவனிடம் இல்லாத ஒன்றை அவனிடமிருந்து கடன் வாங்குகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு மரண நேரம் புதிய தலைப்பு அல்ல. பின்னேரம் பாய் விரித்து 53 மணிச் செபமாலை சொல்லும் வீடுகளில் ஒவ்வொரு அருள் நிறைந்த மந்திரத்திலும் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று வாய் சொல்லிக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு 53 தடவை தன் சாவைப் பற்றிக் கேட்கும் பிள்ளை அதைக் கவனிக்காமலே வளர்கிறது. பழையவர்கள் அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன சடங்குக்கு இப்போது பெயர் நோயில்பூசுதல். பெயர் மாறியது வெறும் மொழித் திருத்தம் அல்ல. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் நிமிஷத்துக்கு மட்டும் உரியது அல்ல, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று சொல்லிவிட்டது. 1972இல் புதிய முறை வந்தது. முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பாவத்துக்கு வழியான புலன்கள் ஒவ்வொன்றிலும் பூசுவார்கள், இப்போது நெற்றியிலும் உள்ளங்கையிலும். உண்மையில் சாகிறவருக்கான கடைசி அருட்சாதனம் நற்கருணைதான். அதற்குரிய லத்தீன் பெயருக்கு வழிப்பயணச் சாப்பாடு என்று பொருள். எங்கள் கட்டுச்சோறு.

ஆனாலும் பழக்கம் விடுமா? "சுவாமியைக் கூப்பிட்டால் ஆள் பயந்துபோகும்" என்று வீட்டார் கடைசி மட்டும் இழுத்தடிப்பார்கள். சேடம் இழுக்கத் தொடங்கிய பிறகு ஓட்டோ அனுப்புவார்கள். அதற்குள் பேச்சு நின்றிருக்கும். தள்ளிப்போட்டது பாவி அல்ல, சொந்தக்காரர்.

சுவாமியாரே இல்லாவிட்டால்? இந்தக் கேள்வி எங்கள் ஊரில் ஒரு காலத்தில் உயிர்க் கேள்வி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை, அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களுக்கும் ஆபத்து. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் வேஷத்தில் வந்து, சில்லாலையை மையமாக வைத்து இரவிரவாக வீடு வீடாகப் போகும்வரைக்கும், இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். அந்த இடைவெளியில் செத்தவர்கள் குருவின் கைபடாமலே செத்தார்கள். 1551இல் திரெந்து சங்கம் இதற்கு ஏற்கனவே வழி சொல்லியிருந்தது. பாவத்துக்காக வருந்துவதைக் கத்தோலிக்கர் மனஸ்தாபம் என்பார்கள். நரகத்துக்குப் பயந்து வருவது ஒரு மனஸ்தாபம், கடவுளை நேசித்து, அவரை நோகடித்தேனே என்று வருவது உத்தம மனஸ்தாபம். இந்த இரண்டாவது இருந்து, பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பமும் இருந்தால், குரு வருமுன்பே மனிதன் கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறான். ஆகவே சடங்கு இல்லாவிட்டால் மீட்பு இல்லை என்று கத்தோலிக்கம் சொல்வதாக மற்றவர்கள் நினைப்பது சரியல்ல.

இன்னொரு பக்கம், அதே ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றுப் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். ஆயிரக்கணக்கில் பெயர் ஏறியது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பெயர்கள் மளமளவென்று கரைந்தன. வாயால் சொன்னதும் ஏட்டில் எழுதியதும் விசுவாசம் ஆகாது என்பதை யாழ்ப்பாணம் போதகர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, கண்ணால் கண்டது. 1816இல் தெல்லிப்பழையில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் பெயருக்கு அப்பால் உள்ளத்து மாற்றத்தைத் தேடியதற்கு இப்படியொரு பின்னணியும் உண்டு.

சீர்திருத்தச் சபைகளின் போதனை இன்னும் நேரடியானது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் 2:8தான் அடி. இரட்சிப்பு ஈவு, கூலி அல்ல. ஆகவே எழுபது வருட விசுவாசிக்கும் ஏழு நிமிஷ விசுவாசிக்கும் கிடைப்பது ஒன்றுதான். செத்த பிறகு தூய்மை பெற ஓர் இடம் உண்டு என்பதை அவர்கள் ஏற்பதில்லை. கத்தோலிக்கர், மன்னிப்புக் கிடைத்தாலும் பாவத்தின் தழும்பு ஆற உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்பார்கள். ஆனால் மனம் திரும்புவதற்கு உரிய காலம் சாவோடு முடிகிறது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று. ஒரேதரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும் என்ற எபிரெயர் 9:27ஐ இரு பகுதியாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதனால்தான் அந்தக் கடைசி மணித்தியாலத்துக்கு இவ்வளவு பாரம் ஏறுகிறது.

இந்தப் பாரத்தில்தான் பிழையும் நடக்கிறது. ஆஸ்பத்திரி வாட்டில் கண் செருகிக் கிடக்கும் ஒருவரின் காதுக்குள் குனிந்து, "சொல்லுங்கோ அப்பா, இயேசுவே என்னை மன்னியும் என்று ஒருக்காச் சொல்லுங்கோ" என்று சொந்தக்காரர் வற்புறுத்துவதை நான் கண்டிருக்கிறேன். உதடு அசைந்ததா இல்லையா என்று பிறகு வீட்டில் வாக்குவாதம். அசைந்தது என்றால் ஆறுதல், இல்லையென்றால் வருடக்கணக்கில் அழுகை. சொல்லிக்கொடுக்க ஒரு சின்னச் செபம், அதைத் திருப்பிச் சொன்னால் இரட்சிப்பு என்ற வடிவம் வேதத்தில் எங்கேயும் இல்லை. அது அண்மைக் காலத்து எழுப்புதல் கூட்டங்களும் கைப்பிரதிகளும் பரப்பியது. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1519இல் சாவுக்கு ஆயத்தமாவது பற்றி எழுதியபோது சொன்னது கிட்டத்தட்ட இதற்கு எதிர்: சாவைப் பற்றிச் சுகமாக இருக்கும்போது யோசி. சாகும் நேரத்தில் உன் பாவத்தையும் நரகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிராதே, கிறிஸ்துவைப் பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இது சொல்லும் வேலை சின்னது. பரீட்சை வைக்காமல், பார்க்கவேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பது. ஒரு சங்கீதம் வாசிக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். காது கடைசி மட்டும் கேட்கும் என்று எங்கள் கிழவிமார் சொல்லிவந்தார்கள். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலும், நினைவு தப்பிச் சாகக் கிடந்த சிலருடைய மூளை சத்தங்களுக்கு அசைந்துகொடுத்தது பதிவாகியிருக்கிறது.

கிடப்பவர் சைவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளை ஒருவர் சபைக்குப் போகிறார், மற்றவர்கள் சிவபுராணம் படித்துப் பால் விட நிற்கிறார்கள், அப்பா பேசமாட்டார். பிறகு சுடலையா சேமக்காலையா என்ற சண்டை. கத்தோலிக்கச் சட்டம் இதில் தெளிவு. மரண ஆபத்தில் இருக்கும் வளர்ந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க, அவருக்கு விசுவாசத்தின் முக்கிய உண்மைகள் ஓரளவாவது தெரிந்திருக்கவேண்டும், தனக்கு விருப்பம் என்று ஏதாவது ஒரு வழியில் அவர் காட்டியிருக்கவேண்டும். ஒருவரும் பார்க்காத நேரத்தில் நெற்றியில் தண்ணீர் தொட்டுவைப்பதற்கு அங்கே இடமில்லை. தன் வாயால் கேட்டவருக்கோ, குரு இல்லாத அவசரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றலாம்.

தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்கள் பற்றியும் ஒரு சொல். முன்பு அவர்களுக்குச் சேமக்காலையில் இடம் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2283ஆம் இலக்கம், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கவேண்டாம், தாம் மட்டுமே அறிந்த வழிகளில் கடவுள் மனந்திரும்ப வாய்ப்புக் கொடுக்கக்கூடும் என்கிறது. அந்த வீடுகளில் போய் வேறு விதமாகப் பேசுபவர்கள் தங்கள் சபையின் போதனையையே பேசவில்லை.

சைவக்காரர் கேட்ட இரண்டாவது பாதி மிச்சம் இருக்கிறது: முழுச் சீவியமும் போனவர்களுக்கு என்ன? மத்தேயு 20இல் இயேசு சொன்ன திராட்சத் தோட்டக் கதை இந்த முறுமுறுப்புக்கே சொன்னது போலிருக்கும். விடியவே வந்தவர்களுக்கும் பதினோராம் மணிக்கு, அதாவது பின்னேரம் ஐந்து மணிக்கு, வந்தவர்களுக்கும் ஒரே கூலி. எங்கள் வெங்காயத் தோட்டத்தில் இப்படிக் கொடுத்தால் அடுத்த நாள் ஒருவரும் விடியவே வரமாட்டார்கள். கதை உறுத்தவேண்டும் என்றே சொல்லப்பட்டது. ஆனால் பிந்தி வந்தவர்கள் ஏன் சும்மா நின்றார்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள்: ஒருவரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டும் வராமல் மரநிழலில் படுத்தவர்களைப் பற்றிய கதை அல்ல அது.

பிழை செய்தவர் ஈடு செய்யவேண்டாமா என்பது இன்னொன்று. நற்செய்தியில் வரும் வரிக்காரன் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், அவனுக்கு நாள் இருந்தது. கள்ளனுக்கு இல்லை. இரண்டு நாள் இருப்பவருக்கு இரண்டு நாளுக்குரியது உண்டு. எல்லைக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டதை ஒப்புக்கொள்ளலாம், கதையாமல் இருந்த தம்பியைக் கூப்பிடலாம்.

அன்றைக்குப் பெட்டி எடுக்க முன், இறந்தவரின் மகன் கதிரைகளுக்கு இடையால் வந்தான். கையில் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று. சுவாமியார் வந்துபோன அன்று பின்னேரம், மூச்சு வாங்க வாங்க அப்பா சொல்லச் சொல்ல இவன் எழுதியதாம். பெயர், பெயருக்கு நேரே காசு. சில இடத்தில் பெயர் மட்டும்தான். அப்பாவுக்குத் தொகை ஞாபகம் வரவில்லை, நீங்களே சொல்லுங்கோ, மெல்ல மெல்லத் தருகிறேன் என்றான். சைவக்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்துக் கீழே இறக்கினார். இரண்டாம் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது, 4,500 ரூபா.

"இது நான் மறந்துபோன காசு தம்பி" என்றார்.